பட்டுப் புடவையை யார் வாங்குறாங்க?



போன வருஷம் நம்ம காலேஜ்ல நடந்த ஸ்டார்ட்டப் போட்டிக்கு நானும் ஒரு ஐடியா கொடுத்தேன். காஞ்சிபுரம் பட்டுப் புடவையை நெசவாளரே நேரடியா ஆன்லைன்ல விற்கிற ஐடியா. ஐந்தாவது ஸ்லைடுல பெரிய எழுத்துல போட்டிருந்தேன்: "எங்கள் இலக்கு வாடிக்கையாளர்: 18 முதல் 60 வயது வரை உள்ள பெண்கள்." இந்தியாவுல இந்த வயதுப் பெண்கள் எத்தனை கோடி, அதுல ஒரு சதவீதம் வாங்கினாலே எத்தனை புடவைன்னு கணக்கும் போட்டிருந்தேன்.

நடுவரா வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, உங்க அம்மா கடைசியா எப்போ பட்டுப் புடவை வாங்கினாங்க?"

யோசிச்சுப் பார்த்தேன். மாமா கல்யாணத்துக்கு எடுத்தது. நாலு வருஷம் ஆச்சு. அதையும் அம்மா வாங்கலை, தாத்தா எடுத்துக் கொடுத்தார். நான் போட்ட கோடிக்கணக்கு அந்த இடத்துலேயே செத்துப் போச்சு.

போட்டியில தோத்தது பெரிய விஷயம் இல்லை. அதே ஸ்லைடை நம்பி எங்க பெரியப்பா மூணு புடவைக்குச் சொந்தமா பாவு போட்டிருந்தார். அதுதான் விஷயம். பிள்ளையார்பாளையத்துல அவருக்கு ஒரு தறி. முப்பது வருஷமா ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்யறவர். "நாமளே நெய்து நாமளே வித்தா என்ன?"ன்னு நானும் பெரியப்பா பொண்ணு அக்காவும் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வச்சோம். வட்டிக்குப் பணம் வாங்கிப் பட்டும் ஜரிகையும் எடுத்தார். விற்கிற பொறுப்பு என்னுடையது.

இந்தக் கட்டுரை அந்த மூணு புடவையிலிருந்து நான் கத்துக்கிட்ட பாடம். நாளைக்கு நீங்க ஆப் செஞ்சாலும் சரி, கேன்டீன் பக்கத்துல ஜூஸ் கடை போட்டாலும் சரி, "யாருக்கு?" என்ற கேள்வி முதல்ல வரும். அதுக்குப் பதில் கண்டுபிடிக்கிறது எப்படின்னு காஞ்சிபுரத்தை வச்சே பார்ப்போம்.

1. கேள்வியை எப்போது கேட்கணும்?

நம்ம கம்ப்யூட்டர் துறை நண்பர்களுக்கு ஒரு வசதி உண்டு. பட்டன் நிறம் பிடிக்கலைன்னா நாளைக்கே மாத்தி அப்டேட் விடலாம். தறியில அது நடக்காது.

ஒரு காஞ்சிபுரம் புடவை எப்படி உருவாகுதுன்னு சுருக்கமா சொல்றேன். பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. பட்டு நூலை முறுக்கேற்றி, பசை போக வேகவைத்து, சாயம் ஏற்றி, காயவைத்து, தெருவில் நீளமாக விரித்துப் பாவு செய்கிறார்கள். பிறகுதான் தறிக்கே வருகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் கோர்வை போடணும். மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளர் ஒருவர் போதாது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளணும். முந்தியும் வேறு நிறம் என்றால் உடல் பாவின் இழைகளோடு முந்தி நிறத்து இழைகளைக் கையால் இணைக்கும் பிட்னி வேலை இருக்கு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும், அதுக்கு மேலும் ஆகும்.

இதுல கவனிக்க வேண்டியது: நிறம், கரை அகலம், ஜரிகை எவ்வளவு, ஆறு கஜமா ஒன்பது கஜமா என்பதெல்லாம் முதல் இழை ஓடுறதுக்கு முன்னாடியே முடிவாகிடுது. அதாவது வாடிக்கையாளர் யார்னு தெரிஞ்சுக்க வேண்டிய நேரம் புடவை கடைக்கு வந்த பிறகு இல்லை, சாயத் தொட்டிக்கு நூல் போறதுக்கு முன்னாடி.

நம்ம பாஷையில சொன்னா, எவ்வளவு பாரம் தாங்கணும்னு தெரியாமல் ஒரு பீம் டிசைன் பண்ணினா சிவில் சார் என்ன சொல்வார்? மார்க்கெட்டிங்கை நாம் கடைசியில் ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது டிசைனுக்கு முந்தைய ரிக்வயர்மென்ட்.

தப்பானால் என்ன ஆகும்? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஒரு புடவைக்குப் பொருளும் கூலியும் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 3,000 எதிர்பார்க்கிறோம். பணம் ரெண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மாத வட்டி 400. புடவை எட்டு மாதம் பீரோவில் தூங்கினால் வட்டி மட்டும் 3,200. எட்டாவது மாதம் நினைத்த விலைக்கே விற்றாலும் 200 ரூபாய் நஷ்டம். இருபது நாள் நெய்ததன் பலன் எல்லாம் "யாருக்கு?" என்று கேட்காததில் போய்விட்டது.

எங்க வீட்டுப் பீரோவில் அப்படி மூணு தூங்கிச்சு.

2. உடுத்துறவர் வேற, எடுக்கிறவர் வேற

காந்தி ரோட்டில் ஏதாவது ஒரு பட்டுக் கடைக்குள் முகூர்த்த சீசனில் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்க. எம்.பி.ஏ. புத்தகம் சொல்லாத பாடம் அங்கே இருக்கு.

ஒரு கல்யாணப் புடவைக்கு எட்டுப் பேர் வருவாங்க. பொண்ணு கண்ணாடி முன்னாடி நின்னு புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும். அதுக்குப் பிடிச்சது வெளிர் ரோஸ். அம்மா, "முகூர்த்தத்துக்கு அரக்கு இல்லேன்னா மாம்பழக் கலர்தான்"னு சொல்வாங்க. அத்தை கரையைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பாங்க. பாட்டி கையில் எடுத்து எடை பார்ப்பாங்க. அப்பா ஒரு ஓரமா உட்கார்ந்து விலைச் சீட்டை மட்டும் பார்ப்பார். பல சமூகங்களில் முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். அப்போ பணம் கொடுக்கிறவர் பொண்ணோட அப்பாகூட இல்லை, வருங்கால மாமனார்.

இதில் வாடிக்கையாளர் யார்?

நான் ஸ்லைடில் போட்டது உடுத்துறவரை மட்டும். ஆனால் ஒரு விற்பனைக்குள் குறைந்தது நாலு வேஷம் இருக்கு: பயன்படுத்துபவர், முடிவெடுப்பவர், பணம் கொடுப்பவர், பேச்சால் முடிவை மாற்றுபவர். சில பொருளுக்கு நாலும் ஒரே ஆள். நீங்க டீ குடிக்கிறது அப்படி. பட்டுப் புடவையில் நாலும் நாலு பேர். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆப் செய்றீங்களா? பயன்படுத்துவது பையன், பணம் அப்பா, "இது வேண்டாம்" என்று சொல்வது டீச்சர்.

ஒவ்வொருவருக்கும் வேற பயம் இருக்கும். பொண்ணுக்கு போட்டோவில் எப்படி இருக்கும்னு பயம். அம்மாவுக்குச் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வாங்கன்னு பயம். அப்பாவுக்கு பட்ஜெட். அத்தைக்கு இது அசல் பட்டுதானான்னு சந்தேகம். அனுபவமுள்ள கடைக்காரர் பொண்ணுகிட்ட நிறத்தைப் பேசுவார், அத்தைகிட்ட ஜரிகையைப் பேசுவார், அப்பாவுக்கு முதல்ல காபி வரவழைப்பார். ஒரே புடவை, நாலு பேச்சு. பொய் எதுவும் இல்லை. யாருக்கு எது தெரியணுமோ அது.

என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் நான் என்ன செய்தேன்? அழகான போட்டோ, பின்னணியில் பாட்டு. பொண்ணுக்கு மட்டும் பேசினேன். அத்தைக்குப் பதில் இல்லை, அப்பாவுக்குப் பதில் இல்லை.

3. வயது சொல்லாது, தேவை சொல்லும்

இலக்கு வாடிக்கையாளர் என்றதும் நாம் முதலில் எழுதுவது வயது, ஊர், வருமானம். அவை தேவைதான். ஆனால் அவை மட்டும் போதாது. 26 வயசு, சென்னை, ஐ.டி. வேலை, ஒரே சம்பளம் என்று ரெண்டு பேரை எடுத்துக்கோங்க. ஒருத்திக்கு அடுத்த தையில் கல்யாணம். இன்னொருத்தி ஆபீஸ் பொங்கல் விழாவுக்குப் புடவை தேடுறா. ரெண்டு பேரும் ஒரே கட்டத்தில் விழுவாங்க, ஆனால் வாங்கப்போவது வேறு வேறு பொருள்.

அதனால் "இவர் யார்?" என்று கேட்பதோடு "இவருக்கு இந்தப் பொருளால் என்ன காரியம் ஆகணும்?" என்றும் கேளுங்க. காஞ்சிபுரம் பட்டை அப்படிப் பிரித்தால் இப்படி வரும்.

முகூர்த்தத்துக்கு எடுப்பவர்: வாழ்க்கையில் ஒரு முறை. ஜரிகை கனமாக இருக்கணும், நிறம் மங்கலமாக இருக்கணும், கறுப்பு பக்கத்திலேயே வராது. மடிசார் கட்டுகிற வீடுகளில் ஒன்பது கஜம் கேட்பாங்க. தேதி நிச்சயம், அதனால் தாமதம் மன்னிக்கப்படாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை; வாங்குவது அதையொட்டி ஏறும், இறங்கும்.

வைத்துக் கொடுக்க எடுப்பவர்: சீர், சம்பந்தி மரியாதை, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம். இவர் ஒன்று எடுக்கமாட்டார், ஐந்தாறு எடுப்பார். ஒவ்வொன்றும் ஒரு பட்ஜெட்டுக்குள் இருக்கணும், யாருக்கும் குறை தோன்றாமல் ஏறக்குறைய ஒரே தரமாக இருக்கணும்.

தனக்காக எடுப்பவர்: சம்பாதிக்கும் பெண், யாரையும் கேட்கத் தேவையில்லை. ஜரிகை குறைவாக, எடை குறைவாக, ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு உட்கார வசதியாக இருக்கணும். இங்கே கறுப்பு ஓடும். சாம்பல் நிறம் ஓடும். முகூர்த்தக்காரர் ஒதுக்கியதை இவர் தேடி வருவார்.

கலைக்காக எடுப்பவர்: பாடகர், நடனக் கலைஞர், பழைய வேலைப்பாடுகளைச் சேகரிப்பவர். தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, மயில்கண், பாலும் பழமும் கட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்பார். கோர்வை இருக்கான்னு கேட்பார். விலையைவிட வேலைப்பாட்டைப் பேசுவார். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒருத்தர் வந்தால் நாலு பேரைக் கூட்டிட்டு வருவார்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பவர்: சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா. ஊருக்கு வருவது பத்து நாள். ரவிக்கை தைத்து, ஃபால்ஸ் அடித்து, குஞ்சம் முடிந்து கையில் கொடுத்தால் அவருக்கு அதுதான் பெரிய உதவி. புடவையோடு சேர்த்து நேரத்தையும் வாங்குகிறார்.

பார்த்தீங்களா? இதில் ஒரு பிரிவுக்குச் செய்த புடவை இன்னொரு பிரிவுக்குப் பொருந்தாது. நாங்க மூணு புடவையிலும் அகலக் கரை, நடுத்தர ஜரிகை, பளிச்சென்ற நிறம் போட்டோம். "எல்லாருக்கும் பிடிக்கும்" என்ற எண்ணம். முகூர்த்தக்காரருக்கு ஜரிகை போதலை, ஆபீஸ் போறவருக்குக் கரை அதிகம், சீர் எடுப்பவருக்கு மூணு பத்தாது. எல்லாருக்கும் நெய்தது யாருக்கும் சேராமல் போச்சு.

4. இது புதுப் பாடம் இல்லை

சந்தையைப் பிரித்துப் பார்ப்பதைப் பற்றி வெண்டல் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1956-ல் எழுதிய கட்டுரையைத்தான் மார்க்கெட்டிங் பாடங்களில் முன்னோடியாகச் சொல்வார்கள். ஆனால் வியாபாரிகள் அதற்கு முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். 1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி கார் எல்லாருக்கும் ஒரே கார் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. பல ஆண்டுகள் கறுப்பு நிறத்தில் மட்டும் வந்தது. 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஷெவர்லே முதல் காடிலாக் வரை ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு கார் என்று பிரித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஃபோர்டு மாடல் டி தயாரிப்பையே 1927-ல் நிறுத்த வேண்டியதாயிற்று.

அதே காலத்தில் நம்ம பக்கத்திலும் ஒன்று நடந்தது. காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் சென்னை தியாகராய நகரில் கடை தொடங்கினார். இன்று தி.நகர் என்றதும் கூட்டமும் கடைகளும்தான் நினைவுக்கு வரும். அன்று அது புதிதாக உருவான குடியிருப்பு. வீடு கட்டிக் குடியேறிக்கொண்டிருந்தவர்களில் மாதச் சம்பளக் குடும்பங்கள் ஏராளம். புடவை காஞ்சிபுரத்தில் நெய்யப்பட்டாலும் அதை உடுத்தும் வீடு எங்கே வளர்கிறது என்று பார்த்துக் கடை அங்கே போனது. பொருள் எங்கே செய்யப்படுகிறது என்பதும் வாங்குபவர் எங்கே இருக்கிறார் என்பதும் ரெண்டு தனிக் கேள்விகள்.

இன்னொரு உதாரணம் கலாக்ஷேத்ரா. 1936-ல் அதை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் நடனத்தோடு நிறுத்தவில்லை. நெசவுக்கும் தனிக்கூடம் அமைத்துப் பழைய அகலக் கரைகளையும் கோயில் சார்ந்த வடிவங்களையும் மீண்டும் நெய்ய வைத்தார். சந்தை புதுமையை நோக்கி ஓடும்போது, பழமையைத் தேடும் சிறு கூட்டம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. "கலாக்ஷேத்ரா புடவை" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பெரிய கூட்டத்தின் நடுவில் போய் நிற்பதும் ஒரு வழி, சிறு கூட்டத்துக்கு நெருக்கமாகப் போவதும் ஒரு வழி. எது என்று தெரிந்து செய்தால் போதும்.

5. கூட்டம் வேற, வாடிக்கையாளர் வேற

2019 ஞாபகம் இருக்கா? அத்திவரதர். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வருகிறார். இதற்கு முன் 1979. இந்த முறை ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம், சுமார் ஒரு கோடிப் பேர் தரிசித்ததாகச் சொல்லப்பட்டது. என் ஸ்லைடு போலக் கணக்குப் போட்டால், ஒரு சதவீதம் பேர் ஒரு புடவை எடுத்தாலே ஒரு லட்சம் புடவை!

ஆனால் அந்த ஒரு கோடியில் ஒருவராக நீங்க நின்னு பாருங்க. ஊருக்கு வெளியே வண்டியை விட்டு, பஸ் மாறி, வெயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, தரிசனம் முடிந்து வெளியே வருகிறீர்கள். கையில் குழந்தை, கூடவே வயசான அம்மா. இப்போ தேவை ஒரு மோரும் உட்கார நிழலும் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸும்தான். இருபதாயிரம் ரூபாய் புடவையை எட்டுப் பேர் கூடி யோசித்து எடுக்கும் மனநிலையா அது? அதுவும் ஆடி மாதம். அன்று அந்த ஒரு கோடிப் பேரும் தண்ணீர் பாட்டில் விற்பவருக்கு வாடிக்கையாளர், பட்டுக்காரருக்கு இல்லை. அதே குடும்பம் ஆவணியில் கல்யாணத்துக்குத் திரும்பி வந்தால் அப்போது அவர்கள் பட்டுக்காரருக்கு வாடிக்கையாளர். ஆள் மாறலை, காரியம் மாறுது.

சமூக வலைதளக் கூட்டமும் இப்படித்தான். எங்க பக்கத்துக்கு நூற்றுக்கணக்கில் லைக் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் பெரியப்பா தறியிலிருந்து எழுந்து வந்து என் போனை எட்டிப் பார்த்தார். "ஏம்ப்பா, இத்தனை பேர் கை தூக்கியிருக்காங்களே, இதுல ஒருத்தராவது விலை கேட்டாங்களா?"

கேட்கலை. லைக் போட்டவங்க யாருன்னு உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல நம்ம காலேஜ் பசங்க. "சூப்பர் மச்சி"ன்னு கமென்ட் போட்டவன் எவனுக்கும் அடுத்த மூணு வருஷத்துக்குக் கல்யாணம் இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீங்க. சிக்னலை நாய்ஸிலிருந்து பிரிக்கிறது நமக்குப் பாடமே. லைக் என்பது நாய்ஸ். "ரவிக்கைத் துணி சேர்ந்ததா? எத்தனை நாளில் வரும்?" என்ற கேள்வி சிக்னல்.

6. யார் இல்லை என்றும் எழுதுங்க

இலக்கு வாடிக்கையாளரைத் தேடுவதில் பாதி வேலை, யார் நம் வாடிக்கையாளர் இல்லை என்று ஒப்புக்கொள்வது. இதுதான் கஷ்டம். யாரையும் விட மனசு வராது.

விசைத்தறியில், செயற்கை இழையில், பார்வைக்குக் காஞ்சிபுரம் மாதிரியே இருக்கும் புடவை சில ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. அதை வாங்குபவரை ஏளனமாகப் பேசுவது நம்ம ஊரில் வழக்கம். அது தப்பு. ஒரு நாள் விசேஷத்துக்கு அழகாக இருந்தால் போதும், மீதிப் பணம் பிள்ளை பீஸுக்கு என்று நினைப்பவர் சரியான முடிவைத்தான் எடுக்கிறார். அவர் நமக்கு வாடிக்கையாளர் இல்லை, அவ்வளவுதான். அவரோடு விலையில் போட்டி போட்டால் கைத்தறி கண்டிப்பாகத் தோற்கும்.

ஆனால் அசல் வேணும்னு நினைத்து, அசல் விலை கொடுத்து, நகலை வாங்கிவிடுவோமோ என்று பயப்படுபவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் நம்ம ஆள். அவருடைய பயத்துக்குப் பதிலாக ஏற்கனவே சில ஏற்பாடுகள் இருக்கு. சேலை உள்ளிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிய சட்டம் 1985-ல் வந்தது. அசல் பட்டுக்கான சில்க் மார்க் முத்திரை 2004-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்றது. 2006-ல் கைத்தறி முத்திரையும் வந்தது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைப் புடவையோடு இணைத்தும் விற்றிருக்கிறது. இவையெல்லாம் வெறும் முத்திரை இல்லை; அந்த அத்தை புடவையைப் புரட்டிப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கான பதில்.

நாங்க அந்தப் பதிலை எங்கேயும் சொல்லவே இல்லை. தறி எங்க வீட்டிலேயே இருந்தது. ஒரு வீடியோகூட எடுத்துப் போடலை.

7. எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, செய்முறைக்கு வருவோம். காசு செலவில்லாத ஐந்து படிகள்.

ஒன்று: ஏற்கனவே வாங்கியவரிடம் பேசுங்க. வாங்கப்போவதாகச் சொல்பவரிடம் வேண்டாம். "இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் நம்ம ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லைன்னு சொல்லமாட்டாங்க. "கடைசியா எப்போ வாங்கினீங்க? யார் கூட வந்தாங்க? எங்கெங்க பார்த்தீங்க? எதை வேண்டாம்னு விட்டீங்க? ஏன்?" இவை நடந்ததைப் பற்றிய கேள்விகள். நடந்ததில் மரியாதைப் பொய் குறைவு.

இரண்டு: சொந்தக்காரரையும் ஹாஸ்டல் நண்பரையும் கணக்கில் சேர்க்காதீங்க. அன்பு ஒரு பெரிய பிழை மூலம்.

மூன்று: இடத்துக்குப் போய்ப் பாருங்க. கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது எனக்கு கூகுளில் ஒரு வாரம் தேடியதைவிடப் பயன்பட்டது. யார் முதலில் புடவையைத் தொடுகிறார், யார் விலையைக் கேட்கிறார், எந்தக் கட்டத்தில் எழுந்து போகிறார் என்று குறித்துக்கோங்க.

நான்கு: ஒரே பதில் திரும்பத் திரும்ப வரும்வரை பேசுங்க. மூணு பேரோடு நிறுத்தினால் மூணு கதை கிடைக்கும். இன்னும் போனால் கதைகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக ஆரம்பிக்கும். அங்கேதான் உங்க பிரிவு இருக்கு. ஒருத்தர் சொன்ன சொந்த விஷயத்தை அவர் அனுமதி இல்லாமல் எங்கேயும் போடாதீங்க.

ஐந்து: ஒரே வாக்கியத்தில் எழுதுங்க. "இன்னார், இந்தச் சந்தர்ப்பத்தில், இந்தக் காரியத்துக்காக, இந்தப் பயத்தோடு, இங்கே தேடுகிறார்." ஐந்து இடத்தையும் நிரப்ப முடியலைன்னா இன்னும் தெரியலைன்னு அர்த்தம். "எல்லாரும்" என்ற சொல் வந்தால் அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க.

இது முடிந்த பிறகும் ஒரு சோதனை உண்டு. அந்த வாக்கியம் உங்க பொருளில் எதையாவது மாற்றுதா? மாற்றலைன்னா அது வெறும் ஸ்லைடு அலங்காரம்.

8. மூணு புடவை என்ன ஆச்சு?

அக்காதான் முதலில் செய்தாள். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கேள்வி கேட்டிருந்த சிலருக்கு ஒவ்வொருத்தராக மெசேஜ் போட்டாள். புடவையை வாங்குங்கன்னு கேட்கலை. "நீங்க எதுக்காகத் தேடுறீங்க?"ன்னு கேட்டாள். பதில் சொன்னவங்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே விஷயம்: "கோர்வையா? தறியில் இருக்கும்போது பார்க்க முடியுமா?"

தறி வீடியோ எடுத்தோம். பெரியப்பா நாடாவை வீச, பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவது அதில் தெரிந்தது. பாட்டு போடலை, தறிச் சத்தம் மட்டும். அதுக்கு லைக் முன்னைவிடக் குறைவு. ஆனால் ஒரு பாட்டு டீச்சர் நேரில் வந்து ஒரு புடவை எடுத்துட்டுப் போனார். இன்னொன்று அவர் சொல்லி அனுப்பியவர் எடுத்தார். வட்டி போக லாபம்னு பெரிதாக எதுவும் நிற்கலை. மூணாவது இன்னும் பீரோவில்தான் இருக்கு.

"அதை பெரியம்மாவே கட்டிக்கட்டுமே"ன்னு நான் சொன்னேன். பெரியப்பா சிரிச்சார். பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சீவரம்' படம் பார்த்திருக்கீங்களா? மகளுக்குப் பட்டுப் புடவை தருவதாகச் சொன்ன நெசவாளியின் கதை. பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுவது எவ்வளவு எட்டாத காரியம் என்று அதில் தெரியும். பெரியம்மா கல்யாணத்துக்குப் பிறகு கட்டிய பட்டுப் புடவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். நெய்பவர் தன்னை வைத்து வாங்குபவரை ஊகிக்க முடியாது. அதனால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கு. நம்மில் பலர் செய்யப்போகும் பொருள்களும் அப்படித்தான்.

எங்க தெருவில் தறி குறைந்துகொண்டே வருது. என் வயசுப் பசங்க காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வருது. கைத்தறியைக் காப்பாத்தணும்னு நாம் மேடையில் பேசுறோம். தறியைக் காப்பாத்துறது பெருமை மட்டும் இல்லை. நெய்த புடவை எந்த வீட்டுக்குப் போகப் போகுதுன்னு நெய்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சா, ஒரு நெசவாளர் வட்டிக்குப் பயப்படாமல் பாவு போடுவார்.

போன மாதம் பெரியப்பா மறுபடி சொந்தப் பாவு போட்டார். இந்த முறை சாயத்துக்கு நூல் கொடுக்கிறதுக்கு முன்னாடி அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர்கிட்ட கொடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம்: "மேடையில் பாடும் பெண், மார்கழிக் கச்சேரிக்கு, எடை குறைந்த கோர்வைப் புடவை, நகலாக இருக்குமோ என்ற பயத்தோடு, தெரிந்தவர் சொல்லித் தேடி வருகிறார்."

பெரியப்பா ரெண்டு தடவை படிச்சார். "அப்போ கரையைக் குறைச்சிடலாம்"னு சொன்னார்.

ஒரு வாக்கியம் ஒரு கரையின் அகலத்தை மாத்திச்சு. இலக்கு வாடிக்கையாளரைத் தெரிஞ்சுக்கிறதுன்னா இதுதான்.

பயிற்சி: உங்க மினி ப்ராஜெக்டையோ ஸ்டார்ட்டப் ஐடியாவையோ எடுத்துக்கோங்க. மேலே சொன்ன ஐந்து இடங்களையும் நிரப்பி ஒரே வாக்கியம் எழுதுங்க. அப்புறம் அந்த வாக்கியத்தில் வரும் ஆளை நிஜமாகத் தேடிப் போய் ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க. திரும்பி வந்ததும் வாக்கியத்தைத் திருத்த வேண்டி வந்தால் சந்தோஷப்படுங்க. நூல் இன்னும் சாயத் தொட்டிக்குப் போகலை.